ஆஷாவே வேணாம்னு சொல்லிச்சு

கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் லைன் வீடுகளில் ஸ்வீட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. சுவர்கள் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். ஸ்வீட்டி அங்கேயே பிறந்து, அங்கேயே நாலு வீடு தள்ளியிருந்த சுனிலைக் கட்டிக்கொண்டவள். நாற்பது வயதுக்காரிக்கு இப்படி ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். லைனில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை.

அவள் ஆஷா, அதாவது வீடு வீடாகப் போகும் அரசு சுகாதார ஊழியர். ரோஸ் நிறச் சேலை கட்டி, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கர்ப்பிணிப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவாள். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். அந்த லைனில் பாதிக் குழந்தைகள் பிறந்தபோது பிரசவ வார்டு வாசலில் நின்றவள் அவள். அதனால் யார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போகிற உரிமை அவளுக்கு இருந்தது.

கொரோனா வந்த வருஷம் அந்த உரிமை போய்விட்டது.

காரணம் தங்கவேலு. மேல் லைனில் இருந்த தங்கம்மாவின் புருஷன், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வில் இருந்த மனிதர். முதல் அலையில் அவருக்கு இருமல் வந்தது. ஸ்வீட்டி போய் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தாள். ஆக்ஸிஜன் எண் இறங்கியிருந்தது. “மூச்சு எல்லாம் நல்லாத்தான் கீது, எனக்கு இன்னா?” என்று அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஸ்வீட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் மூடிய இரண்டு பேர் வந்து அவரை ஏற்றிக்கொண்டு கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. உடலைக்கூட தங்கம்மாவால் கிட்டத்தில் பார்க்க முடியவில்லை. தூரத்தில் நின்று ஒரு மூட்டையைப் பார்த்ததுதான்.

அதன்பிறகு லைனில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆள் பிடித்துக் கொடுத்தால் ஆஷாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறதாம். வீட்டிலேயே கஷாயம் குடித்துப் படுத்திருந்தால் தங்கவேலு பிழைத்திருப்பாராம். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் ரோஸ் சேலை தெருமுனையில் தெரிந்தால் கதவுகள் சாத்திக்கொண்டன. இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை அடக்கினார்கள்.

தங்கம்மாவும் ஸ்வீட்டியும் அதுவரை ‘நீ, நான்’ என்று பேசிக்கொண்டவர்கள். இருவருக்கும் வயதில் நிறைய வித்தியாசம் இருந்தும் அப்படித்தான். அந்தச் சாவுக்குப் பிறகு ஸ்வீட்டியின் வாயில் தானாக ‘நீங்க’ வந்து உட்கார்ந்தது. தங்கம்மா பதிலே பேசுவதில்லை.

மறுவருஷம் தடுப்பூசி வந்தது. சுகாதார ஊழியர் என்பதால் ஸ்வீட்டிக்கு முதலிலேயே இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். முதல் ஊசிக்குக் காய்ச்சல் அடித்து இரண்டு நாள் படுத்திருந்தாள். ஏப்ரலில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் போட ஆரம்பித்தார்கள். அதற்குள் இரண்டாவது அலை அடித்தது, ஊரை மூடினார்கள். பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த சுனில், தினசரி ரயில் இல்லாமல் வீட்டோடு உட்கார்ந்தான்.

ஆரோக்கிய கேந்திரம் என்கிற அரசு சுகாதார நிலையத்திலிருந்து ஸ்வீட்டியின் போனுக்குத் தினமும் தகவல் வரும். எல்லாம் கன்னடத்தில். லைனில் பெரியவர்கள் கன்னடம் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் அவள் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே, போனை வாயருகே பிடித்து, அந்தச் செய்தியைத் தமிழில் குரல் பதிவாக எல்லாருக்கும் அனுப்புவாள். “நாளைக்கு ஸ்கூல்ல கேம்ப் கீது, ஆதார் கார்டு எடுத்துக்கினு வாங்க.” “இன்னைக்கு மருந்து வரலை, வந்து அலையாதீங்க.” அவள் குரல் கொஞ்சம் கரகரப்பானது. கேட்டவுடன் யார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் தகவல்கள் மாறிக்கொண்டே இருந்தன. இரண்டாவது ஊசிக்கு ஆறு வாரம் என்று சொல்லியிருந்தாள். அதை எட்டாக்கினார்கள். மே மாதத்தில் பன்னிரண்டு வாரம் கழித்து வந்தால் போதும் என்று புதுச் செய்தி வந்தது. அதையும் சொன்னாள்.

“மருந்து இல்லைன்னு நேரா சொல்லேன்” என்றார் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒருவர். “எதுக்கு வாரத்த ரப்பர் மாதிரி இழுக்கற?”

 ஸ்வீட்டிக்கும் அதே சந்தேகம் உள்ளே இருந்தது.

நோட்டீஸ் போர்டில் எழுதியதை நம்புகிற வழக்கம் அந்த ஊரில் சுரங்கத்தோடு மூடிப்போன ஒன்று. அதை அவளும் அறிவாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கேம்ப் வைத்தார்கள். ஐஸ் பெட்டியோடு நர்ஸ் ஞானசுந்தரி வந்து உட்கார்ந்தாள். மேசை, நாற்காலி, சானிடைசர் எல்லாம் தயார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. முந்தின வாரம் வரிசை கேட் வரைக்கும் நின்ற இடம்.

“இன்னா ஸ்வீட்டி, ஒரு ஆளையும் காணோம்?” என்றாள் ஞானசுந்தரி. பிறகு தன் போனை எடுத்தாள். “நேத்திலேர்ந்து ஒண்ணு சுத்துது. உங்கிட்ட கேட்டுக்கலாம்னு தான் இருந்தேன். இது உன் குரலா?”

போனிலிருந்து கரகரப்பான ஒரு பெண்குரல் வந்தது.

“ஊசி போட்டுக்காதீங்க. கேம்ப்புன்னு யாராவது வந்து கூப்பிட்டா போவாதீங்க. ஆஷாவே வேணாம்னு சொல்லிச்சுன்னு சொல்லுங்க. போட்டுக்கினு படுத்துக்கினா யாரு பாக்கறது? வூட்லயே இருங்க.”

ஸ்வீட்டி இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தாள். “ஐயோ சிஸ்டர், இது நான் இல்ல. சத்தியமா இல்ல. எவனோ என் மாதிரி பேசியிருக்கான்.”

ஞானசுந்தரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பல வருஷப் பழக்கம். ஆனாலும் அந்தப் பார்வையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருந்தது. “டாக்டருக்கும் வந்துடுச்சு. உன்னை வந்து பாக்கச் சொன்னாரு” என்றாள்.

வெயிலில் வீட்டுக்கு நடந்துவரும்போது ஸ்வீட்டி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். இந்தக் கதவா, அந்தக் கதவா? யார் செய்திருப்பார்கள்? அதுவரை லைன்தான் அவளைச் சந்தேகப்பட்டது. அன்றைக்கு அவள் லைனைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

குரல் மாற்றிப் பேசுகிறவன் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவன்தான் உண்டு. ஆட்டோ ஓட்டும் சம்பங்கி. மாரியம்மன் திருவிழா மேடையில் ஏறி, நடிகர்கள், தலைவர்கள், லைனில் சண்டை போடும் மாமியார் மருமகள் வரைக்கும் பேசிக்காட்டுவான். அந்த நாட்களில் அவன் வேறு வேலையில் இருந்தான். லைன் பையன்கள் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் சமைத்து, நோய் வந்து முடங்கிய வீடுகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ஸ்வீட்டி சொல்ல, பொட்டலங்களைச் சம்பங்கி ஆட்டோவில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு ஹாரன் அடிப்பான்.

சமுதாயக் கூடத்து வாசலில், அத்தனை பேர் முன்னால், ஸ்வீட்டி அவனிடம் போனை நீட்டினாள். “சம்பங்கி, இது உன் வேலை தானே?”

அவன் ஒருமுறை கேட்டான். முகம் கறுத்தது. “நான் எதுக்குக்கா இத செய்யணும்?”

“எதுக்குன்னு நீ தான் சொல்லணும். ஊசி வேணாம்னு நீயும் தானே சொல்லிக்கினு திரியற.”

“வேணாம்னு என் வாயால சொல்லுவேன். உன் வாயால சொல்ல மாட்டேன்.” அவன் போனைக் காதோடு ஒட்டி இன்னொரு முறை கேட்டான். “இத எவனும் பேசிக் காட்டலைக்கா. பின்னால கேளு. ஒரு மிஸ்ஸு கத்துது.”

ஸ்வீட்டி வாங்கிக் கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு டீச்சர் மைக்கை அணைக்கும்படி கன்னடத்தில் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தாள்: “பவ்யா, மைக் ஆஃப் மாடம்மா.”

பவ்யா ஸ்வீட்டியின் மகள். ஒன்பதாம் வகுப்பு. தினமும் காலையில் அப்பாவின் போனில் ஆன்லைன் கிளாஸ் நடக்கும்.

சம்பங்கி சாப்பாட்டுப் பொட்டலங்களை ஆட்டோவில் அடுக்கினான். “இனிமே வூட்டு நம்பரை எனக்கு மெசேஜ்ல அனுப்பு. நேர்ல வர வேணாம்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கூடத்தில் இருந்த பையன்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அந்தக் குரல் அவள் வீட்டிலிருந்து போயிருக்கிறது. வீட்டில் இருந்தது மூன்று பேர். ஸ்வீட்டியின் சந்தேகம் செருப்பைக் கழற்றாமல் அவள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. இந்த வேலையை விட்டுவிடு, எதையாவது கொண்டுவந்து பிள்ளைக்கு ஒட்டவைக்கப் போகிறாய் என்று சுனில் பலமுறை சொல்லியிருந்தான். அவள் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை அவன் பதிவு செய்திருப்பானோ?

கேட்டுவிட்டாள். சுனில் கத்தவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “ஊரு உன்ன சந்தேகப்படுதுன்னு அழுதியே, இப்போ நீ என்னைப் பாக்கற பார்வை எப்படி கீதுன்னு கண்ணாடில போய் பாரு” என்றான். “மொதல்ல உன் போனப் பாரு. அப்புறம் என் போனப் பாக்கலாம்.”

அவள் மூலையில் உட்கார்ந்து, தான் அனுப்பிய குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன் குரலைத் தானே கேட்பது கூச்சமாக இருந்தது. மருந்து வந்தது, வரவில்லை, வரிசையில் தள்ளி நில்லுங்கள், முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடுங்கள். கடைசியில் தங்கம்மாவுக்கு அனுப்பியதற்கு வந்தாள். அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு இருந்தன.

முதலாவது: “அக்கா, ஸ்வீட்டி பேசறேன். உங்களுக்கு ஒடம்பு சூடா கீதுன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. காய்ச்சல் இருக்கறப்போ போடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருக்கா. காய்ச்சல் நல்லா அடங்கட்டும். டெஸ்ட்டு ஒண்ணு எடுத்துட்டு, அடுத்த கேம்ப்ல பாத்துக்கலாம். இந்த வாரம் மட்டும்…”

அங்கே அறுந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கியிருக்கும். அழுத்திக்கொண்டிருந்த விரல் நழுவியிருக்கும். மறுபடி அழுத்தி, விட்ட இடத்திலிருந்து பேசியிருந்தாள். இரண்டாவது அங்கிருந்து தொடங்கியது: “ஊசி போட்டுக்காதீங்க. கேம்ப்புன்னு யாராவது வந்து கூப்பிட்டா போவாதீங்க…”

ஒருத்திக்கு ‘நீங்க’ என்று சொன்ன மரியாதைப் பேச்சு, தனியாகக் கேட்டபோது ஊருக்கே சொன்ன மாதிரி இருந்தது.

“ரெண்டையும் அழிச்சுடு” என்றான் சுனில். பின்னால் நின்று அவனும் கேட்டிருந்தான். “எவனோ பண்ணிட்டான்னே சொல்லிக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?”

“தங்கம்மாக்கா போன்ல கீதே.”

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குக் கோபம் பொங்கியது. அப்போ இது தங்கம்மாவின் வேலை. முதல் பாதியை மறைத்து, இரண்டாவதை மட்டும் ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். புருஷனுக்காகப் பழி வாங்கியிருக்கிறாள். ஸ்வீட்டி முந்தானை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேல் லைனுக்கு ஏறினாள்.

தங்கம்மா கதவைப் பாதி திறந்து, சங்கிலியைக் கழற்றாமலே நின்றாள். அவளுக்குக் காய்ச்சல் அடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விநாயக் வாங்கிக் கொடுத்த போன் கையிலேயே இருந்தது.

“நான் அனுப்பினத யாருக்குக்கா அனுப்பினீங்க?”

“என் தங்கச்சிக்கு. பங்காருபேட்டைல கீறாளே, அவளுக்கு. ஏன்?”

“ஒண்ண மட்டும் ஏன் அனுப்பினீங்க? மொதல் ஒண்ண எங்க?”

“எந்த மொதல் ஒண்ணு?”

தங்கம்மா சங்கிலி இடைவெளி வழியாகப் போனைக் காட்டினாள். முதல் பதிவின் மேல் ஒரு சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நெட் கிடைக்காமல் அது இறங்கவே இல்லை. “அது அன்னிலேர்ந்து சுத்திக்கினே கீது. நான் உட்டுட்டேன்” என்றாள்.

ஸ்வீட்டி தன் போனில் இருந்த முதல் பாதியை அங்கேயே போட்டுக் காட்டினாள். தங்கம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். 

“அப்போ நீ எனக்குன்னு சொல்லலியா?” என்றாள்.

“இன்னாக்கா?”

“எங்க வூட்டுக்காரர ஏத்தி அனுப்பின பாவத்துக்கு, எனக்கு மட்டுமாவது உண்மையச் சொல்லிட்டாள்னு நெனச்சேன். கவுருமெண்டுக்குத் தெரிஞ்சா வேலை பூடும், ஆனாலும் சொல்லிட்டாளேன்னு. அன்னிக்குத் தான் உம்மேல இருந்த கோவம் கொஞ்சம் எறங்குச்சு. என் தங்கச்சி கிட்ட கூட சொன்னேன், ஸ்வீட்டி கெட்டவ இல்லடின்னு.” அவள் போனைச் சங்கிலி இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டாள்.  “இப்போ வந்து அதுவும் இல்லைன்ற.”

கதவு சாத்திக்கொண்டது. திட்டுவதற்காக வந்த ஸ்வீட்டி, திட்ட எதுவும் இல்லாமல் வாசலில் நின்றாள்.

மறுநாள் டாக்டரிடம் இரண்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். அவர் நம்பினார். “கவனமாகப் பேசும்மா” என்று எச்சரித்து, விளக்கம் சொல்லி ஒரு பதிவு அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம்தான் வினையாயிற்று. “பாவம், மெரட்டி பேச வெச்சிட்டாங்க” என்றது லைன். “மொதல்ல சொன்னது அவளா சொன்னது. இது எழுதிக் குடுத்தது.” பொய்யாகிப்போன செய்திக்கு இருந்த மதிப்பு உண்மைச் செய்திக்குக் கிடைக்கவில்லை. சில வீடுகளில், ஸ்வீட்டி நம்பர் கொடுத்து வந்த சாப்பாடு என்று தெரிந்ததும் பொட்டலத்தை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். காக்கைகள் கிழித்தன.

அடுத்த வாரம், நல்ல பகல் வெளிச்சத்தில், தங்கம்மா ஸ்வீட்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது.

“அந்த வெரல் மெஷின எடுத்துக்கினு வா. தங்கச்சிக்கு மூச்சு வாங்குது.”

தங்கை இருந்த பங்காருபேட்டை ஸ்வீட்டியின் எல்லைக்குள் வராத ஊர். ஊரடங்கில் வண்டி வேறு கிடையாது. சம்பங்கிக்குத்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. “எனக்காக வர வேணாம். தங்கம்மாக்கா தங்கச்சிக்காக வா” என்றாள். அவன் வந்தான். அவளைப் பார்க்காமல் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். செக்போஸ்டில் போலீஸ்காரர் நிறுத்தியபோது, ஸ்வீட்டியின் ரோஸ் சேலையைக் காட்டி அவன்தான் பேசி வழி வாங்கினான்.

பங்காருபேட்டையில் அந்தத் தங்கை கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். விரலில் மெஷினை மாட்டியதும் எண் தெரிந்தது. ஸ்வீட்டி அதைத் தங்கம்மாவிடமும் காட்டினாள். போன வருஷம் இதே எண்ணைத் தான் மட்டும் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவளுக்கு நினைவு வந்தது.

“கோலாருக்குப் போவணும்க்கா.”

“வேணாம்!” தங்கம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். “அங்க போனா பொட்டலமாத் தான் திரும்பும்.”

“இங்க இருந்தா பொழைக்காது. அங்க போனா பொழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நான் கூடப் போறேன். வார்டு கேட் வரைக்கும் போறேன். தெனம் தங்கச்சி மூஞ்சிய உனக்குக் காட்டறேன். அது என் பொறுப்பு.”

தங்கம்மா அவளையே பார்த்தாள். பிறகு கட்டிலை விட்டாள்.

ஞானசுந்தரிக்குக் கோலாரில் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். ஸ்வீட்டி கேட்காத உதவி இல்லை. கெஞ்சாத ஆள் இல்லை. தினமும் சாயங்காலம் ஒரு நிமிஷமாவது அந்த நர்ஸ் வீடியோவில் தங்கையின் முகத்தைக் காட்டினாள். சில நாள் கண் மூடியே இருக்கும்; ஆக்ஸிஜன் மாஸ்க்கில் ஆவி படிந்து மறைவதைத்தான் பார்க்க முடியும். தங்கம்மா போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு அந்த ஆவியையே பார்ப்பாள். ஒருநாள் திடீரென்று, “அது பழைய வீடியோ இல்லையே? ஏமாத்தலியே?” என்று கேட்டாள். “கைய ஆட்டச் சொல்லுங்க” என்றாள் ஸ்வீட்டி நர்ஸிடம். தங்கை கையை ஆட்டினாள்.

ஜூன் கடைசியில் அவள் வீடு திரும்பினாள். மெலிந்திருந்தாள், நடந்தால் மூச்சு வாங்கியது, ஆனால் திரும்பினாள்.

தங்கம்மா நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. தங்கையைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஸ்வீட்டியின் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். “அன்னிக்கு அத நான் அனுப்பாம இருந்து, அவ ஊசி போட்டிருந்தா, இது வந்திருக்காதா?”

“தெரியாதுக்கா” என்றாள் ஸ்வீட்டி. “போட்ட கையோட பாதுகாப்பு வந்துடாது. வந்திருந்தாலும் வந்திருக்கும். இவ்ளோ முத்தாம இருந்திருக்குமோ இன்னாவோ. எனக்குத் தெரியல.”

“தெரியலைன்னு இன்னிக்குத் தான் உன் வாய்ல வருது.” தங்கம்மா அவள் பக்கம் திரும்பினாள். “இன்னொண்ணு கேக்கறேன். உன் வூட்டுக்காரரு போட்டுக்கினாரா?”

ஸ்வீட்டி தலையைக் குனிந்துகொண்டாள். சுனிலுக்கு நாற்பத்தாறு. ஏப்ரலிலேயே போட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவன் தள்ளிக்கொண்டே போனான். அவளும் அதிகம் வற்புறுத்தவில்லை.

“லைன்ல எல்லாருக்கும் தெரியும்” என்றாள் தங்கம்மா. “ஊருக்கு ஊசி, புருஷனுக்கு இல்லைன்னு தான் பேசிக்கறாங்க. வேணாம்னு சொன்ன உன் குரல நம்பினாங்கன்னா, அதுக்குத் தான் நம்பினாங்க.”

அன்று சுனிலிடம் ஸ்வீட்டி சண்டை போடவில்லை. தங்கம்மா சொன்னதை மட்டும் அப்படியே சொன்னாள். அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நீ ரெண்டு நாள் நடுங்கிக்கினு படுத்திருந்தத பாத்தேன். பயந்துட்டேன், அவ்ளோ தான். வேற இன்னா?” என்றான். அத்தனை மாதமும் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

அடுத்த கேம்ப்புக்கு ஸ்வீட்டி தங்கம்மாவைக் கூப்பிட்டாள். “ஊசி போட்டுக்க வேணாம். என்னை நம்பவும் வேணாம். சும்மா வந்து உக்காந்து பாரு. எந்த பாட்டில், எந்த ஊசி, யாருக்குப் போடறாங்க, போட்டவங்க எப்படி எழுந்து போறாங்க, எல்லாம் பாரு.”

தங்கம்மா வந்தாள். ஞானசுந்தரியின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி உட்கார்ந்தாள். சுனில் சட்டைக் கையைச் சுருட்டினான். “பாட்டிலைக் காட்டு” என்றாள் தங்கம்மா. ஞானசுந்தரி காட்டினாள். “ஊசி புதுசா?” உறையைக் கிழித்துக் காட்டினாள். சுனில் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது. அவன் எழுந்தபோது தங்கம்மாவும் எழுந்து அவன் பின்னாலேயே வீடு வரைக்கும் போனாள். மறுநாள் காலையிலும் போய்ப் பார்த்தாள். அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. அதற்கு மறுநாள் மீண்டும் போனாள்.

பிறகு தன் போனை எடுத்து, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குரல் பதிவு அனுப்பினாள். எல்லாருக்கும். “நான் தங்கம்மா பேசறேன். சுனிலுக்கு என் கண்ணு முன்னால போட்டாங்க. காய்ச்சல் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பூடுச்சு. இப்போ உக்காந்து இட்லி துன்றான். அவ்ளோ தான் எனக்குத் தெரியும்.”

ஸ்வீட்டி எத்தனையோ பதிவு அனுப்பியும் நடக்காதது அதற்கு நடந்தது. தங்கம்மாவுக்கும் ஆஷாவுக்கும் ஆகாது என்பது லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகாதவள் ஒருத்தி உட்கார்ந்து கண்காணிக்கிறாள் என்றால் அங்கே கள்ளத்தனம் நடக்க முடியாது என்று ஆட்கள் நினைத்தார்கள். முதலில் ஒருவர் இருவராக வந்தார்கள். வந்தவர்கள் நர்ஸிடம் கேட்பதைவிட நாற்காலியில் இருந்தவளிடம்தான் அதிகம் கேட்டார்கள். அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, “அத சிஸ்டரக் கேளு, நான் பாத்துக்கினு கீறேன்” என்றாள்.

எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கீழ் லைனில் சில வீடுகள் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அறுந்த அந்தப் பதிவு வேறு வேறு ஊர்ப் பெயரோடு சுற்றிக்கொண்டே இருந்தது. ஓசூரில் ஒரு ஆஷா சொன்னதாக அது ஸ்வீட்டிக்கே ஒருமுறை வந்தது.

சம்பங்கியிடம் அவள் கூடத்து வாசலில், அதே பையன்கள் முன்னால், மன்னிப்புக் கேட்டாள். “தனியா வந்து கேட்டிருந்தா ஒத்துக்கினு இருக்க மாட்டேன்” என்றான் அவன். அதற்குமேல் இளகவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்தபோதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பழையபடி அக்கா என்று அவன் கூப்பிட இன்னும் பல மாதம் ஆயிற்று.

தங்கம்மா மட்டும் வாரா வாரம் வந்து உட்கார்ந்தாளே ஒழிய, கையை நீட்டவில்லை. ஸ்வீட்டியும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு கேம்ப் முடியும் நேரம், திறந்த பாட்டிலில் ஒருவருக்கான மருந்து மிச்சம் இருந்தது. ஆள் இல்லை. திறந்ததை வைத்திருக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும் என்றாள் ஞானசுந்தரி.

“கொட்டப் போறியா?” என்றாள் தங்கம்மா. “அத்தினி பேரு வரிசைல நின்னாங்களே, அத கொட்டப் போறியா?” ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். ஸ்வீட்டியைப் பார்த்துச் சொன்னாள்: “நம்பிட்டேன்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கலக்கா.”

ஊசி போட்டு முடிந்ததும், அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஞானசுந்தரி வழக்கம்போலச் சொன்னாள்.

“இத்தினி நாளா உக்காந்து தானே கீறேன்” என்றாள் தங்கம்மா.

மறுநாள் விடிந்ததும் ஸ்வீட்டியின் கதவு தட்டப்பட்டது. தங்கம்மா நின்றாள், கையைத் தூக்க முடியாமல். “வீங்கியிருக்குது பாரு. கல்லு மாதிரி கீது. இதுக்கு இன்னா சொல்ற?”

“வரும்னு தான் சொன்னாங்க. உள்ள வா, ஈரத் துணி வெச்சு விடறேன்.”

தங்கம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.